கறுப்புக் கிண்ணத்து சூப்

அன்றைக்குக் கடைக்குள் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். அடுப்படியில் மூன்று பேர்: முதலாளியும் பெரிய சமையல்காரருமான நகானோ, நூடில்ஸ் பானையில் நான், பாத்திரம் கழுவும் தொட்டியில் குகன். காசு மேசையில் மரிலூ. கவுண்டரில் சுவரோரமாகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நாலு பேர். பக்கத்தில் ஒபிஸ் பெண்கள் இரண்டு பேர். அதற்கடுத்து, எப்போதும் பேப்பரோடு வருகிற வழுக்கைத் தலைக் கிழவர். வாசல் பக்கம் ஒரு தகப்பன், கார்தெரியிலிருந்து, அதாவது குழந்தைகள் காப்பகத்திலிருந்து, கூட்டிவந்த சின்ன மகளோடு. வெளியே பனிக்குள் வரிசை நின்றது. அவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்பதால் சேர்க்கவில்லை.

பொலிஸ் வந்து கேட்டால் தடுமாறக் கூடாதென்று அன்றைக்கே மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். பொலிஸ் வரவில்லை. பாடம் மட்டும் போகாமல் நிற்கிறது.

இப்போது அந்தப் பானையில் நிற்பது சந்துரு. கோயம்புத்தூர்ப் பிள்ளை, படித்துக்கொண்டே வேலை செய்கிறான். நான் வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு ஒரு மத்தியானம் சாப்பிடப் போயிருந்தேன். கவுண்டருக்கு மேலால் குனிந்து கேட்டான்: "அங்கிள், சூப் ஊத்துறதுக்கு முன்னாடி கிண்ணத்தோட கலரைச் சத்தமா சொல்லணும்னு ரூல் வெச்சிருக்காங்களே, எதுக்கு? இப்பத்தான் எல்லாம் டேப்லெட்ல வருதே." பின்னால் வரிசை நின்றது, அது அங்கே நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். பிழை கிடந்தால் திருத்தி வாசியுங்கள்.

நான் பயந்தாங்கொள்ளி. ஒளிக்க ஒன்றுமில்லை. மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் எங்கள் அப்பார்ட்மென்டைப் பூட்டிவிட்டு மெற்றோ வரைக்கும் நடந்து, அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்கத் திரும்பி வந்த நாட்கள் கனக்க. பிரெஞ்சில் கடிதம் வந்தால் மனைவி பூமணிதான் உடைக்க வேண்டும். நான் கையில் வைத்துக்கொண்டு நாடு கடத்தப் போகிறார்கள் என்று நிற்பேன். உள்ளே பார்த்தால் பனி தள்ளும் நாளில் காரை எடுக்கச் சொல்லியிருப்பார்கள். எங்களிடம் காரும் இல்லை.

இந்தப் பயத்தோடுதான் டவுன்டவுனில் அந்த ஜப்பான் கடைக்கு வேலைக்குப் போனேன். முதல் வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழுவினேன். பிறகு வெங்காயத்தாள் வெட்டினேன். பிறகு பானை. ஓய்வெடுக்கும் வரைக்கும் பானை.

அந்தச் சாப்பாட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தடித்த நூடில்ஸைக் குளிர்ந்தபடி ஒரு தட்டில் வைப்போம். சின்னக் கிண்ணத்தில் சூடான, தடித்த குழம்பு தனியாக. நூடில்ஸைக் கொஞ்சமாக எடுத்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். குகன் அதற்கு 'ஜப்பான் இடியப்பமும் சொதியும்' என்று பெயர் வைத்தான். பெயர் பொருத்தந்தான், ஆனால் இடியப்பத்தை அவித்தால் வேலை முடிந்தது. இதை அவித்த பிறகுதான் வேலை தொடங்கும். கூடையோடு தூக்கி, குளிர்ந்த தண்ணீருக்குள் போட்டு, அரிசி களைவதுபோல் இரண்டு கையாலும் தேய்க்க வேண்டும். மேலே இருக்கும் வழுவழுப்புப் போக வேண்டும், நூடில்ஸ் உடையக் கூடாது. பிறகு ஐஸ் தண்ணீர். பிறகு ஒரு சொட்டும் இல்லாமல் வடித்து மடித்து வைக்க வேண்டும். தண்ணீர் நின்றால் குழம்பு இளகிவிடும். குளிர்காலத்தில் விரல் நுனிகள் எனக்குச் சொந்தமில்லாதவை மாதிரி இருக்கும்.

கடைசியில் ஒரு வழக்கம் உண்டு. நூடில்ஸ் முடிந்ததும் கிண்ணத்தில் கொஞ்சக் குழம்பு மிஞ்சும். தடிப்பு, உப்பு, அப்படியே குடிக்க ஏலாது. ஆள் கிண்ணத்தைக் கவுண்டருக்கு மேலால் எங்களிடம் நீட்டுவார். அந்த மிச்சத்துக்குள்ளேயே நாங்கள் கேத்திலிலிருந்து சூடான தெளிந்த சூப்பை விட்டு, வெங்காயத்தாள் தூவித் திருப்பிக் கொடுப்போம். அதைக் குடித்துவிட்டு எழும்புவார்கள். முதல் நாள் அதைப் பார்த்தபோது, பழையதை ஊற்றிவிட்டுப் புதிதாக ஏதோ சூப் கொடுக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

நகானோ சத்தம் போடாத மனுஷன். அதுதான் எனக்குப் பெரிய பயம். ஏசினால் ஏசி முடிந்தது என்று இருக்கலாம். ஒருநாள் நான் அவியாத நூடில்ஸை வைத்துவிட்டேன். அவர் அந்தத் தட்டை மரிலூவிடம் போகவிடாமல் எடுத்து, எனக்கு முன்னால் நின்று, கடைசி நூல் வரைக்கும் தானே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, தட்டைக் குகனிடம் கொடுத்துவிட்டுத் தன் அடுப்புக்குப் போனார். அவருக்கும் எனக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதனால் அவர் பேசினதெல்லாம் சின்னச் சின்ன வசனம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஒவ்வாமை உள்ளவர்கள் வந்தால் அவர் ஒரு முறை வைத்திருந்தார். மரிலூ "அலர்ஜி!" என்று கூப்பிடுவாள். நாங்கள் மூன்று பேரும் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் பெயர்போன குழம்பில் இறால் தலையை வறுத்து அரைத்த தூள் இருக்கும், அது கறுப்புக் கிண்ணத்தில் போகும். இறால் ஆகாதவர்களுக்குக் கோழிக் குழம்பு, வெள்ளைக் கிண்ணம். அதற்கு வேறு பானை, வேறு கரண்டி, வேறு சின்னக் கேத்தில். நகானோ கை கழுவி, ஏப்ரன் மாற்றி, தானே செய்து, தன் கையால் அந்த ஆளுக்கு முன்னால் வைப்பார். அந்த ஆள் யார் என்று முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பார்.

நான் பானையை விட்டு வெளியே, சாப்பிடுகிற ஆட்களைப் பார்க்கக் கூடாது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்தப் பிள்ளைகள் வந்த நாளுக்கு முந்தின கோடையில் ஒரு மனுஷன் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வர, ஒரு மாதிரிச் சத்தம் போட்டார். தொண்டையில் சிக்கிவிட்டது, செத்துப்போகப் போகிறார் என்று நான் கவுண்டரைச் சுற்றி ஓடி முதுகில் ஓங்கி அறைந்தேன். அவர் உறிஞ்சிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். குழம்பு முழுக்க வெள்ளைச் சட்டையில். ஆள் ஒரு வக்கீல். சலவைக் காசை நகானோ கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து, "உன் கண் பானையில். வெளியே பார்க்க மரிலூ இருக்கிறாள்" என்றார். அன்றிலிருந்து குகனுக்கு நான் 'டொக்டர்'. "டொக்டர் அண்ணை, இஞ்சை ஒரு கோப்பைக்கு மூச்சு வருகுதில்லை, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று தொட்டியடியில் நின்று கூப்பிடுவான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மத்தியானம் வந்தது. உப்புப் போட்டு உருக்கின பனி வாசலில் சேறாகக் கிடந்த நாள். நாலு பிள்ளைகளில் ஒருத்திக்கு இறால் ஆகாது. மரிலூ கூப்பிட்டாள், நாங்கள் திருப்பிச் சொன்னோம், நகானோ வெள்ளைக் கிண்ணத்தை அந்தப் பிள்ளைக்கு முன்னால் வைத்து முகத்தைப் பார்த்தார். எல்லாம் முறைப்படி. நான் முதுகு காட்டிப் பானையில் நின்றாலும் அவர்களின் தமிழ் காதில் விழுந்துகொண்டிருந்தது. உயரமான பெடியனைப் பிரவீன் என்றார்கள். இறால் ஆகாத பிள்ளையை நிவி என்றார்கள். யாரோ பேராசிரியரைப் பகிடி பண்ணிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டவில்லை. நான் தமிழ் என்று சொல்லவும் இல்லை. சொன்னால் கதை தொடங்கும், கதைத்தால் நூடில்ஸ் பொங்கும் என்று பயம்.

சாப்பிட்டு முடித்துப் பிரவீன் தன் கிண்ணத்தை நீட்டினான். கறுப்புக் கிண்ணம். நான் கறுப்புக் கிண்ணத்துக்கான பெரிய கேத்திலிலிருந்து சூப் விட்டு, வெங்காயத்தாள் தூவிக் கொடுத்தேன். திரும்பி அடுத்த கூடையைத் தண்ணீருக்குள் இறக்கினேன்.

அப்போது பின்னால் பிரவீனின் குரல் கேட்டது.

"ஏய், சூப்பர்டா இது. நம்ம ஊர்ல கடைசில ரசம் குடுப்பாங்கள்ல, அந்த மாதிரி."

"எனக்கு?" அது அந்த நிவிப் பிள்ளை.

"எல்லாருக்கும் சேத்து வாங்கியிருக்கேன். புதுசா ஊத்திக் குடுத்தாரு. இந்தா, வாய் வைக்காம குடி."

ரசம் என்ற சொல் காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது. அந்தக் கடையில் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்தவர்கள், அவர்களை விட்டால், நானும் குகனுந்தான். குகன் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றான். நகானோவுக்கு அது வெறும் சத்தம். மரிலூவுக்கும் அப்படித்தான். இந்த ஊர் ஆட்கள் பக்கத்து ஆளின் கிண்ணத்தில் குடிக்க மாட்டார்கள். ஜப்பான் ஆட்களுக்கு அது மிச்சக் குழம்பு என்று தெரியும். ரசம் என்று நினைத்து, ஒரு கிண்ணத்தை நாலு பேர் சுற்றிக் கொடுத்து, அண்ணாந்து குடிக்கிறது எங்கட ஆட்கள் மட்டுந்தான். அதுக்கு ஒரு முறை ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை.

திரும்பினேன். கறுப்புக் கிண்ணம் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு மேலே நின்றது. வக்கீலின் சட்டை ஞாபகம் வந்தது. உன் கண் பானையில் என்றது ஞாபகம் வந்தது. கிண்ணம் தூக்கினது வேறு பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது, நிவி மற்றவளாக இருந்தால் என்ன செய்வது என்றும் வந்தது. எல்லாம் ஒரு மூச்சுக்குள். பிறகு கத்தினேன்.

"தங்கச்சி, குடியாதேங்கோ!"

நாலு பேரும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார்கள். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

"ஐயோ அங்கிள், நீங்க தமிழா! சொல்லவே இல்ல!"

"சிலோன் தமிழ்டா! எவ்ளோ அழகா பேசுறாரு!"

அந்தப் பிள்ளையும் கிண்ணத்தை இறக்கிச் சிரித்தது. தொண்டை ஒருதரம் அசைந்ததைக் கண்டேன்.

"அது ரசம் இல்லைப் பிள்ளை. அந்தத் தம்பியின்ரை மிச்சக் குழம்புக்குள்ளதான் விட்டுத் தந்தனான். அதில இறால் இருக்கு."

சிரிப்பு அவளின் முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. "ஒரு வாய்தான் அங்கிள்," என்றாள், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "ஒண்ணும் ஆகாது." அதைச் சொல்லும்போதே கழுத்தைச் சொறிந்தாள். பிறகு இருமினாள். பிறகு, "பிரவீன், பென்," என்றாள். அந்தச் சொல் பாதிதான் வெளியே வந்தது.

பென் என்றால் ஒவ்வாமைக்கு உடனே குத்துகிற ஊசி, அது அவளின் கோட்டுப் பையில் இருந்தது. கோட்டுகள் வாசலடிக் கொளுவிகளில், ஒன்றின்மேல் ஒன்றாக. மொன்றியலில் குளிர்காலம் இருந்தவர்களுக்குத் தெரியும்: எல்லாம் கறுப்பு, எல்லாம் ஊதிப்போனது, எல்லாம் ஒன்றுபோல. பிரவீன் ஒவ்வொன்றாக இழுத்தான். யாருடையதோ திறப்புக்கோர்வை விழுந்தது, யாருடையதோ உதட்டுக் களிம்பு விழுந்தது. "எதுடி உன்னோடது? எதுடி?" என்று அழுதான். அவளால் பேச முடியவில்லை. கழுத்தைச் சுற்றிக் கையைக் காட்டினாள், பிறகு தன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஒருவருக்கும் விளங்கவில்லை.

குகன்தான் விளங்கிக்கொண்டான். சவர்க்கார நுரையோடு பாய்ந்து வந்து, "சால்வையைக் கோட்டுக் கைக்குள்ள திணிச்சு வைச்சிருக்கிறாள் அண்ணை!" என்று சொல்லிக்கொண்டு, பொக்கெற்றுகளை விட்டுவிட்டுக் கோட்டுக் கைகளை மட்டும் தடவினான். பச்சைச் சால்வை ஒன்று ஒரு கைக்குள்ளிருந்து வந்தது. அந்தக் கோட்டில்தான் ஊசி.

அதற்குள் நகானோ எல்லா அடுப்பையும் நிறுத்தியிருந்தார். ஆட்கள் இருக்கும்போது அந்த அடுப்புகள் நின்று நான் கண்டதில்லை. கடை ஒரேயடியாக அமைதியானது. மரிலூ தொலைபேசியில் பிரெஞ்சில் வீதியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பேப்பர்க் கிழவர் கதிரைகளை ஒதுக்கினார். தகப்பன் மகளின் முகத்தைத் தன் வயிற்றோடு பொத்தினான். நகானோ ஊசியை வாங்கி, மூடியைக் கழற்றி, அந்தப் பிள்ளையைத் தரையில் கிடத்தி, ஜீன்ஸுக்கு மேலாகவே தொடையில் குத்தி, அழுத்திப் பிடித்தார். என்னைப் பார்த்து, "கால்" என்றார்.

நான் முழந்தாளிட்டு அவளின் கால்களைத் தூக்கிப் பிடித்தேன். சப்பாத்தில் காய்ந்திருந்த வீதி உப்பு என் உள்ளங்கையில் ஒட்டியது. உதடு தடித்து, முகம் வேறு ஆளின் முகமாகிக்கொண்டு வந்தது. மூச்சு இழுக்கும்போது ஒரு சின்ன விசில் கேட்டது. அந்த விசில் நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று இருந்தேன். அவளின் கண் திறந்துதான் இருந்தது. என்னைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். என் கையைப் பார்த்திருக்கவும் கூடும்.

அம்புலன்ஸ் ஆட்கள் வந்தார்கள். வரிசை இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. முகத்தில் மாஸ்க் போட்டு, தள்ளுகட்டிலில் கட்டி, வெளியே கொண்டு போனார்கள். "மூச்சு விடுகிறாள்" என்று அவர்களில் ஒருத்தி பிரெஞ்சில் சொன்னதாக மரிலூ பிறகு சொன்னாள். மற்ற மூன்று பேரும் கோட்டுகளை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பிரவீன் மட்டும் கதவடியில் நின்று, முகமெல்லாம் கண்ணீராக, பொக்கெற்றில் கையை விட்டு, "அங்கிள், பில்லு…" என்றான்.

"போங்கோ தம்பி, போங்கோ! பில்லைப் பேந்து பாப்பம்!" என்றேன்.

அதுதான் அவர்களிடம் நான் கடைசியாகச் சொன்னது.

நகானோ பானைத் தண்ணீர் முழுவதையும் கொட்டினார். ஊதிப்போன நூடில்ஸைக் கொட்டினார். கவுண்டரைச் சுடுதண்ணீரால் இரண்டுதரம் துடைத்தார். அடுப்பைப் பற்றவைத்தார். கதவைத் திறந்து வரிசையில் முதல் ஆளை உள்ளே கூப்பிட்டார். இந்த மனுஷன் கல்லோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில், கிணுகிணு என்று ஒரு சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவரின் கரண்டி பானை விளிம்பில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை மற்றக் கைக்கு மாற்றினார். அந்தக் கையிலும் அடித்தது.

என்னோடு அவர் அதைப் பற்றிப் பேசியது அடுத்த நாள் காலையில். "நீ சத்தம் போட்டாய்," என்றார். நான், "ஓம், மன்னிக்க வேணும்," என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "இனிமேல் வெளியே பார்," என்றார். அன்றிலிருந்து அந்த முறை வந்தது: சூப் விடுகிறதுக்கு முன்னால் கிண்ணத்தின் நிறத்தைச் சத்தமாகச் சொல்லி, இது உங்கள் குழம்பின் மிச்சந்தான், வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சந்துரு, உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

மற்றதற்குப் பதில் எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாது. எந்த ஆஸ்பத்திரி என்று தேடி, மருமகனைக் கொண்டு பிரெஞ்சில் கேட்பித்தேன். குடும்பமா என்று கேட்டார்கள். இல்லையென்றால் சொல்ல முடியாது என்றார்கள். கோயிலில் தமிழ்நாட்டு ஆட்களைக் கண்டால் நிவி என்று ஒரு பிள்ளையைத் தெரியுமா என்று கேட்பேன். என்ன விஷயம் என்று திருப்பிக் கேட்டால் கும்பிட வேண்டும் என்று நகர்ந்துவிடுவேன். முழுப் பெயரும் தெரியாது.

"ஏதும் நடந்திருந்தா நியூஸில வந்திருக்குமப்பா," என்றாள் பூமணி. "சுகமாப் படிச்சு முடிச்சுப் போயிருக்கும்."

"அப்ப ஏன் ஒருக்காலும் கடைக்கு வரேல்லை?"

"உங்கட முகத்தை ஆர் திரும்பவும் வந்து பார்ப்பினம்?"

குகன் முதல் கிழமை பகிடியாக, "டொக்டர் அண்ணை, ஜெயிலில உங்களைத்தான் சமையலுக்கு விடுவினம், பயப்பிடாதேங்கோ," என்றான். நான் சிரிக்கவில்லை. அவனும் பிறகு டொக்டர் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். கூப்பிட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு வசந்தகாலத்தில், வரிசையில் நின்ற ஒரு உயரமான பெடியன் கண்ணாடியால் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வரிசையை விட்டுப் போனான். அதே நெற்றி, அதே நடை. நான் கூடையைக் கொதிக்கிற தண்ணீருக்குள் விட்டுவிட்டு, ஏப்ரனோடு வெளியே ஓடினேன். மெற்றோ வாசலில் பிடித்தேன். "பிரவீன் தம்பி! அந்தப் பிள்ளை எப்படி இருக்கு?" அவன் பயந்து பின்னால் போனான். பங்களாதேஷ்காரப் பெடியன். "பார்தோன், மெஸியூ?" என்று பிரெஞ்சில் கேட்டான். நான் திரும்பி வந்தபோது நகானோ என் பானையில் நின்று நூடில்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், கேட்டார்: "அவனா?" இல்லை என்றேன். கூடையை என் கையில் தந்தார்.

அந்த நாலு பிள்ளைகளின் பில்லை நகானோ அழிக்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் கணக்கு முடிக்கும்போது, கட்டாத பில் ஒன்று கிடக்கிறது, என்ன செய்ய என்று காசு மெஷின் கேட்கும். அவர் நாளைக்கு என்று அழுத்துவார். மரிலூ சலித்துப்போய், அழித்துவிடலாம் என்பாள். ஒருநாள் நான் காசை எடுத்துக்கொண்டு போய், நான் கட்டுகிறேன் என்றேன்.

"நீயா சாப்பிட்டாய்?"

"இல்லை."

"அப்போ?"

காசைப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கேட்டது சரி. நான் கட்டியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் கதவைப் பார்ப்பதற்கு ஒரு காரணமும் இருந்திராது.

போன தடவை போனபோது பழைய மெஷின் இல்லை. டேப்லெட், படம், ஒவ்வாமைக்குச் சிவப்புப் பெட்டி. மரிலூவைத் தனியே கூப்பிட்டு, அந்தப் பில் என்னவாயிற்று என்று கேட்டேன். அவள் திரையைத் தட்டி என் பக்கம் திருப்பினாள். புது மெஷினுக்கு மாற்றின அன்று, நகானோ தன் விரலாலேயே அந்தப் பில்லை ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றினாராம். கறுப்புக் கிண்ணம் மூன்று, வெள்ளைக் கிண்ணம் ஒன்று. வரியோடு எண்பத்தேழு டொலர் முப்பத்தெட்டு சதம், இன்னும் கட்டவில்லை.